திருத்தப்பட்டவனின் நன்றி

பிள்ளையைத் திருத்தப் பெற்றோருக்குள்ள உரிமையை எவரும் மறுப்பதற்கில்லை. ஆயின், அவ்வுரிமையின் எல்லை யாது என்பது ஒழுக்கவியலின் தீராத வினாக்களுள் ஒன்றாகும். ஐக்கிய அமெரிக்காவில் நெறிபிறழ்ந்த இளைஞருக்கென எழுந்த நடத்தைமாற்று வதிவிடப் பள்ளிகள் இவ்வினாவைக் கூர்மைப்படுத்துகின்றன.

1958இல் போதைப்பழக்கத்திற்கு ஆளானோருக்கெனக் கலிபோர்னியாவில் தோன்றிய சினனோன் அமைப்பு, ஒருவரைப் பலர் சூழ்ந்து வசைபாடி மனவுறுதியைத் தகர்க்கும் முறையைக் கையாண்டது. 1970களில் அம்முறை புளோரிடாவின் 'சீட்' முதலிய இளைஞர் நிலையங்களிலும் இடம்பெற்றது. 1974இல் அமெரிக்க செனற் துணைக்குழுவொன்றின் அறிக்கை, சீட்டின் முறைகளை வடகொரியர் கையாண்ட மூளைச்சலவையுடன் ஒப்பிட்டது. எனினும் இத்தகைய பள்ளிகள் பெருகின. அமெரிக்கப் பிள்ளைகளுக்கென யமேக்காவில் இயங்கிய 'ட்ராங்குவிலிற்றி பே' 2009இலேயே மூடப்பட்டது.

சட்டத்தின் நிலையும் ஈண்டு நோக்கத்தக்கது. குற்றஞ்சாட்டப்பட்ட சிறுவருக்கும் சட்டத்தரணியின் துணை முதலாய உரிமைகள் உண்டென 1967இல் கோல்ட் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1979இல் பாராம் வழக்கிலோ, பெற்றோர் பிள்ளையை மனநல மருத்துவமனையிற் சேர்ப்பதற்கு நீதிமன்ற விசாரணை வேண்டியதில்லை, மருத்துவர் போன்ற நடுநிலையாளர் ஒருவரின் ஆய்வே போதும் என்றது. தனியார் பள்ளிகள் பலவற்றில் அவ்வாய்வுதானும் நிகழவில்லை. திருடிய சிறுவனுக்குள்ள காப்பு, சொற்கேளாத சிறுவனுக்கு இல்லையாயிற்று.

இப்பள்ளிகளை ஆதரிப்போர், பிள்ளை இன்று வெறுப்பினும் நாளை நன்றி கூறும் என்பர். சுதந்திரத்தைப் போற்றிய மில்லும் தம் கோட்பாடு முதிர்ச்சி எய்தாதோருக்குப் பொருந்தாது என்றே கொண்டார். எனவே, பிற்காலச் சம்மதம் என்னும் வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. ஆயின், இப்பள்ளிகள் பலவற்றில் படிநிலைகளைக் கடந்தாலன்றி விடுதலையில்லை. தன் குற்றத்தை ஒப்புக்கொண்டு பள்ளியைப் போற்றினாலன்றிப் படியேற்றமில்லை. விடுதலைக்கு விலையாகப் பெறப்பட்ட நன்றி எங்ஙனம் சான்றாகும்? மறுபுறம், பிள்ளையின் முறைப்பாடுகளைத் தந்திரமெனக் கொள்ளுமாறு பெற்றோர் முன்கூட்டியே அறிவுறுத்தப்பட்டனர். போற்றினால் பள்ளிக்கு வெற்றி; பழித்தால் பிள்ளைக்கு நோய். எந்தச் சொல்லாலும் மறுக்கவியலாத முறை, தன் நன்மையை நிறுவிவிட்டதாகக் கூறுதல் பொருந்தாது.

2024 டிசெம்பரில், இத்தகைய நிலையங்கள் பற்றிய ஆய்வுக்கு வழிசெய்யும் சட்டம் அமெரிக்காவில் நிறைவேறியது. ஆய்வாளர் எதனை அளப்பினும், ஒரு வினாவை முதற்கண் எழுப்புதல் வேண்டும்: உள்ளிருக்கும் பிள்ளை, தண்டனைக்கு அஞ்சாது, வெளியார் ஒருவரிடம் தன் குறையைக் கூறவியலுமா? இயலாதெனின், அங்கு நிகழ்வது திருத்தமன்று, அடக்குதலேயாம்.