கண்ணாடி பார்க்கத் தயங்கும் பிள்ளை



1809-ஆம் ஆண்டு பொன்னுமாடனுக்கும் வெயிலாளுக்கும் பிறந்த குழந்தைக்கு முடிசூடும் பெருமாள் என்று பெயர் வைத்தார்கள். இந்தச் சாதிப் பிள்ளைக்கு முடியும் பெருமாளும் எதற்கு என்று மேல்சாதியார் எதிர்த்தார்கள். பெயர் முத்துக்குட்டி ஆயிற்று. வைகுண்டராய் வந்தவரும் பிள்ளைப் பருவத்தில் பிறர் குறுக்கிவிட்ட பெயரோடுதான் வளர்ந்தார்.

அன்புக்கொடி மக்களே, பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளையை நோகடிக்கிறவர்கள் முதலில் கைவைப்பதும் பெயரில்தான். நிறம், உயரம், திக்குவாய், தகப்பன் செய்யும் தொழில், சாதி, ஏதாவது ஒன்று பட்டப்பெயராகிறது. முதல் நாள் வகுப்பு சிரிக்கிறது. சில மாதத்தில் அந்தப் பிள்ளையே அதை நம்பிவிடுகிறது. அடிபட்ட காயம் ஆறிவிடும். நான் இவ்வளவுதான் என்ற எண்ணம் உள்ளே உட்கார்ந்துகொள்கிறது.

வீட்டில் அது வேறு வேஷத்தில் வரும். ஞாயிறு ராத்திரி தூக்கம் இல்லை, திங்கள் காலையில் வயிற்றுவலி. டாக்டர் பார்த்தால் ஒன்றும் இல்லை. மார்க் குறையும். குடையும் பேனாவும் அடிக்கடி தொலையும். பள்ளியில் கழிப்பறைப் பக்கம் போகப் பயந்து வீடு வரை அடக்கிக்கொண்டு வரும். தம்பி தங்கையைக் காரணமில்லாமல் அடிக்கும். பெரியவர்கள் சோம்பல் என்பார்கள், கண்ணேறு என்பார்கள். என்ன நடந்தது என்று கேட்பவர் குறைவு.

வளர்ந்தால் மறந்துவிடும் என்பதும் தவறு. 1958-இல் பிரிட்டனில் பிறந்த குழந்தைகளை ஆய்வாளர்கள் தொடர்ந்து கவனித்து வந்தார்கள். 7 வயதிலும் 11 வயதிலும் அடிக்கடி கொடுமைப்பட்டவர்களிடம், 50 வயதிலும் மன உளைச்சல் மற்றவர்களைவிடக் கூடுதலாக இருந்தது.

நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் நடந்ததைத் தெற்கே அறியாதவர் இல்லை. பிளஸ் டூ படித்த பட்டியல் சாதிப் பையன் ஒருவன், உடன் படித்தவர்களின் கொடுமை பொறுக்காமல் பள்ளிக்குப் போவதை நிறுத்தினான். விஷயம் பள்ளிக்குச் சொல்லப்பட்டது. பிறகு இரவில் வீடு புகுந்து அவனை வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. வெட்டியவர்களும் பள்ளிப் பிள்ளைகளே. அவன் பிழைத்து, மறு ஆண்டு பிளஸ் டூ எழுதித் தேறினான். ஆனால் அவன் பள்ளிக்குப் போகாமல் நின்ற நாட்களே அபாய அறிகுறி. அதோடு, புகார் சொன்ன பிறகுதான் பிள்ளைக்குக் காவல் அதிகம் வேண்டும்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அடிபட்டு வந்த பிள்ளையிடம், அய்யா பொறுமையாய் இருக்கச் சொன்னாரே, பொறுத்துப் போ என்று சில வீடுகளில் சொல்கிறார்கள். அய்யா சிங்காரத்தோப்புச் சிறையிலே பொறுத்தது தவத்தின் பலத்தால். பத்து வயதுப் பிள்ளை பயத்தால் வாய் மூடிக் கிடப்பது பொறுமை ஆகாது. தாழ்ந்து கிடந்த சனங்களை அய்யா குனிந்தபடியே விட்டுவிடவும் இல்லை. தலைப்பாகை கட்டச் சொன்னார். முத்திரிக்கிணற்றில் எல்லாரையும் ஒன்றாகத் தண்ணீர் எடுக்க வைத்தார். பள்ளியறையில் கண்ணாடியை வைத்து, உன்னுள் இறைவனைப் பார் என்று நிமிர்த்தினார்.

நோகடிக்கப்பட்ட பிள்ளை அந்தக் கண்ணாடியைத்தான் பார்க்கத் தயங்குகிறது. அதைப் பதிக்கோ நிழல்தாங்கலுக்கோ கூட்டிவந்து, நாமம் இட்டு, சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, உகப்படிப்புக்கு முன்வரிசையில் நிறுத்தலாம். பணிவிடைக்காரர் நினைத்தால் நடக்கும் காரியம் இது. ஆனால் அதோடு நின்றுவிடக்கூடாது. தாயோ தகப்பனோ பள்ளிக்கு நேரில் போய்த் தலைமையாசிரியரிடம் எழுதிக் கொடுக்க வேண்டும். கேட்கவில்லை என்றால் கல்வித்துறையின் 14417, குழந்தைகளுக்கான 1098, இரண்டும் போனில் கிடைக்கும். பிள்ளை சாப்பிடாமல், பேசாமல், செத்துவிடலாம் என்ற சொல்லோடு இருந்தால் மனநல மருத்துவரிடம் உடனே போக வேண்டும். நேர்ச்சைக்கு நாள் பார்த்துக் காத்திருக்கிற விஷயம் அல்ல.

அடிக்கிற பிள்ளையும் இதே தாங்கலில்தான் பால் குடிக்க வருகிறது. அதை நீசன் என்று ஒதுக்குவது எளிது. வீட்டுத் திண்ணையில் யாரைப் பற்றி, எந்தச் சாதியைப் பற்றி, எப்படிப் பேசப்படுகிறது என்பதை அதன் தகப்பனிடம் கேட்பதுதான் கடினம். அதை ஊர்ப் பெரியவர் ஒருவர் இந்த ஞாயிற்றுக்கிழமையே கேட்கலாம்.