எது முந்தியோ அது

ஸ்ரீபெரும்பூதூரிலிருந்து சிங்கப்பெருமாள் கோயிலுக்குப் போகும் சாலையில், ஒரகடம் கூட்டுச்சாலைக்குச் சற்று முன்னால், தகரக்கூரை போட்ட ஒரு மெக்கானிக் ஷெட்டில், என் பழைய காரின் அடிவயிற்றிலிருந்து கறுத்த எண்ணெய் ஒரு வெட்டிய டின்னுக்குள் நூல்போல இறங்கிக்கொண்டிருப்பதைப் பார்த்தவாறு அரைமணி நேரம் ஸ்டூலில் உட்கார்ந்திருக்க நேர்ந்தபோது, சிறுவயதில் என் பாட்டனார் திண்ணையில் எடுத்துச் சொல்லி, அன்று எனக்குச் சிறிதும் விளங்காமல் போன ஒரு மீமாம்சை விவகாரம் நினைவுக்கு வந்தது.

செய்தால் பலன் ஒன்றும் விளையாது, செய்யாமல் விட்டால் மட்டும் தோஷம் சேரும் என்று ஒரு கர்மம் உண்டா, உண்டென்றால் புத்தியுள்ளவன் அதை எதற்காகச் செய்யவேண்டும் என்பதே அந்த விவகாரம். சுவர்க்கத்தை வேண்டி யாகம் செய்பவனுடைய காரியம் காமியம். கிரகணம் பிடித்தால் நீராடுவதும், பிள்ளை பிறந்தால் ஜாதகர்மம் செய்வதும், ஒரு நிமித்தம் நேர்ந்த பிறகு செய்யப்படுவதால் நைமித்திகம். நிமித்தம் எதுவும் நேராமலே, வேளை வந்துவிட்டது என்பதொன்றையே காரணமாகக் கொண்டு செய்யவேண்டிய சந்தியாவந்தனம் முதலியவை நித்தியம். நித்தியத்துக்குப் பலன் என்று எதையும் தேடக்கூடாது, விதி என்பதற்காகவே செய்யவேண்டும் என்று மீமாம்சகரில் ஒரு பிரிவினரான பிராபாகரர்கள் சாதித்தார்கள். பிரத்யவாயத்தை, அதாவது செய்யாமல் விட்டால் சேரும் தோஷத்தை, தவிர்ப்பதே அதன் பலன் என்று மறு பிரிவினரான பாட்டர்கள் வாதித்தார்கள். ஆயில் மாற்றுவதும் இந்த நித்திய ஜாதிதான். எஞ்சின் ஆயிலை மாற்றியதனால் எந்த வண்டியாவது அதுவரை இல்லாத பலத்தைப் பெற்றதுண்டா? மாற்றிய மறுநாள் சத்தம் அடங்கி வண்டி மெத்தென்று ஓடுகிறது என்று சத்தியம் செய்பவர்கள் இருக்கிறார்கள். அடங்கியது பெரும்பாலும் அவர்களுடைய மனசின் சத்தமாகவே இருக்கும்.

இந்த இடத்தில்தான் ஆதிசங்கரர் குறுக்கிடுகிறார். செய்யாமை என்பது ஓர் இன்மை. இன்மையிலிருந்து பாவம் என்ற ஒரு பொருள் எப்படி முளைக்கும்? மலடி மகன் ஊருக்குத் தீ வைத்தான் என்பது போலல்லவா இருக்கிறது? ஆகையால் நித்தியத்தைச் செய்யாமல் விடுவது புதிதாக ஒரு தோஷத்தைப் பிறப்பிப்பதில்லை. முன்னமே சேர்ந்து கிடக்கும் பாவத்துக்கு அது ஓர் அடையாளம், அவ்வளவே என்று தைத்திரீய உபநிஷத்தின் பாஷியத்தில் அவர் தீர்ப்புச் சொல்கிறார். இதைத் தர்க்கக்காரர்களின் மயிர்பிளப்பு என்று நெடுங்காலம் எண்ணியிருந்தவன் நான். ஆனால் அன்று ஷெட்டுக்காரத் தம்பி, மூலையில் பிரித்துப்போட்டிருந்த ஒரு டாக்ஸி எஞ்சினின் மேல்மூடியைத் திருப்பிக் காட்டினார். அதன் உட்புறமெங்கும், அடிப்பிடித்த வெல்லப்பாகு போல, விரலால் வழிக்கக்கூடிய கறுப்புக் களிம்பு அப்பியிருந்தது. "ஐயா, இது ஆயிலே மாத்தாத வண்டி. உள்ள தார் ரோடே போட்டுட்டாங்க" என்றார்.

அந்தக் களிம்பை உண்டாக்கியது மாற்றாமை அல்ல என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. எஞ்சின் சூட்டில் எண்ணெய் காற்றோடு கலந்து சிதைகிறது. பிஸ்டன் வளையங்களைத் தாண்டிப் பெட்ரோலும் புகைக்கரியும் கீழே கசிகின்றன. எரிபொருள் எரிவதில் பிறக்கும் நீராவி, எஞ்சின் குளிர்ந்திருக்கையில் நீராகத் தங்குகிறது. இவையெல்லாம் சேர்ந்து அமிலமாகின்றன. அந்த அமிலத்தை முறிக்கவும், கரியைக் கட்டிபிடிக்கவிடாமல் மிதக்கவைக்கவும், உலோகத்தோடு உலோகம் உரசாமல் காக்கவும் எண்ணெயோடு சேர்த்து விற்கப்படும் மருந்துச் சரக்குகள், தம் வேலையைச் செய்து செய்தே தீர்ந்துபோகின்றன. அழுக்கைப் பிறப்பிப்பது ஓட்டம். மாற்றாமல் விடுவது அதை உள்ளே இருக்க அனுமதிக்கிறது. ஆகவே எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்றுவது என்ற கேள்வியைக் கொஞ்சம் உதறிப் பார்த்தால், என் வண்டிக்குள் எவ்வளவு வேகமாக அழுக்குச் சேர்கிறது என்ற வேறொரு கேள்வி கீழே விழுகிறது.

அதை அறியப் பிரமாணம் என்ன? பிரத்தியட்சம் இங்கே கைவிடுகிறது. ஆயில் ஸ்டிக்கை உருவித் துணியில் துடைத்து, கறுத்துவிட்டது, போச்சு என்று சொல்வது நம் ஊர் வழக்கம். டீசல் வண்டியிலோ புது எண்ணெய் ஊற்றிய சில நாட்களிலேயே கறுத்துவிடும், ஏனென்றால் கரியைத் தன்னுள் ஏந்திக்கொள்வதே அதன் உத்தியோகம். கறுக்காத எண்ணெய் சில சமயம் வேலை செய்யாத எண்ணெயாகவும் இருக்கலாம். ஸ்டியரிங்குக்கு முன்னால் சிவப்பாக எரியும் எண்ணெய்ச் சொம்பு விளக்கை நம்பியிருப்பவர்களின் நிலை இன்னும் பரிதாபம். அது எண்ணெயின் அழுத்தம் விழுந்துவிட்டதைச் சொல்லுமேயொழிய, அதன் வயதைச் சொல்லாது. அது எரியும்போது பெரும்பாலும் காரியம் மிஞ்சியிருக்கும். அனுமானத்தின் வழியும் ஒன்றுண்டு. எஞ்சின் எத்தனை சுற்றுச் சுற்றியது, எவ்வளவு சூட்டில் சுற்றியது என்று கணக்கிட்டு, எண்ணெயின் மிச்ச ஆயுளை ஊகிக்கும் கருவியை அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் 1980களின் இறுதியில் கொண்டுவந்தது. பெரிய லாரிக் கம்பெனிகள் எண்ணெயில் ஒரு சிறு குப்பி எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி, அதில் எவ்வளவு இரும்பு, எவ்வளவு செம்பு, எவ்வளவு மண் என்று அளந்து பார்ப்பார்கள்; முப்பது லிட்டர் பிடிக்கும் எஞ்சினுக்கு அது தகும். மூன்றரை லிட்டர் ஊற்றும் என்னைப் போன்றவன் அந்தச் செலவுக்கும் அலைச்சலுக்கும் எண்ணெயையே மாற்றிவிட்டுப் போகலாம். அனுபவமும் இதில் குருவாக நிற்பதில்லை. இருபதாயிரம் கிலோமீட்டர் மாற்றாமல் ஓட்டியும் ஒன்றும் ஆகவில்லை என்று மார்தட்டுபவனுக்கு, அந்த இருபதாயிரமும் உண்மை. ஒருநாள் நெடுஞ்சாலை நடுவில் எஞ்சின் பிடித்துக்கொண்டு நிற்கும்வரை அவன் சாட்சியத்தில் பொய்யில்லை.

எஞ்சியது சப்தப் பிரமாணம், அதாவது நம்பத்தக்கவனான ஆப்தனின் வாக்கு; இங்கே அது வண்டியோடு வந்த கையேடு. மோட்டார் வண்டியின் இளமைக்காலத்தில் ஐந்நூறு, ஆயிரம் மைல்களுக்கு ஒருமுறை மாற்றினார்கள். நம் நாட்டில் 5,000 கிலோமீட்டர் என்பது ஒரு தலைமுறை முழுவதும் வேதவாக்காக இருந்தது. இன்றைய கையேடுகள் பலவற்றில் 10,000 கிலோமீட்டர் அல்லது ஓர் ஆண்டு, எது முந்தியோ அது என்று கண்டிருக்கிறது. கார்புரேட்டர் ஒழிந்ததும் எண்ணெயின் சுத்தம் உயர்ந்ததும் இதற்குக் காரணம். யுகத்துக்கு யுகம் தர்மம் வேறுபடும் என்று ஒப்புக்கொண்ட சாஸ்திரத்துக்கு இதில் அதிர்ச்சியடைய ஒன்றுமில்லை. ஆனால் ஆப்தன் என்பவன் உள்ளதை உள்ளபடி அறிந்தவன், அறிந்ததை அறிந்தபடியே சொல்லும் விருப்பமும் உடையவன் என்றல்லவா நியாய சாஸ்திரத்தார் இலக்கணம் வகுத்தார்கள்? எண்ணெய் விற்பவனுக்கு இடைவெளி சுருங்கினால் லாபம்; பராமரிப்புச் செலவு குறைவு என்று விளம்பரம் செய்பவனுக்கு இடைவெளி நீண்டால் லாபம். ஒருமுறை, பெயர் வேண்டாம், ஒரு பெரிய சர்வீஸ் நிலையத்தில் ஆயில் மாற்றியதாகப் பில் போட்டுப் பணமும் வாங்கிக்கொண்டார்கள். பெட்ரோல் வண்டிதானே என்று வீட்டுக்கு வந்து ஸ்டிக்கை உருவிப் பார்த்தேன், காலையில் இருந்த அதே மை. அன்றுமுதல்தான் மாற்றுகிறவன் எதிரில் ஸ்டூல் போட்டு உட்காரும் அனுஷ்டானத்தை மேற்கொண்டேன்.

இவ்வளவு சந்தேகங்களையும் தாண்டிக் கையேட்டை நம்பலாம் என்றே முடிவு செய்தாலும், உண்மையான சிக்கல் அதற்கு அப்பால்தான் காத்திருக்கிறது. கையேட்டில் விதி ஒன்றல்ல, இரண்டு. சாதாரணமாக ஓட்டுபவனுக்கு ஒரு கணக்கு. கடுமையான நிலையில் ஓட்டுபவனுக்கு ஏறக்குறைய அதில் பாதி. இது அதிகார விசாரம். எந்த விதி என்ன சொல்கிறது என்பதில் மீமாம்சகர் எவ்வளவு மூளையைச் செலவிட்டார்களோ, அதற்குக் குறையாமல் அந்த விதி யாரைப் பார்த்துச் சொல்கிறது என்பதிலும் செலவிட்டார்கள். கடுமை என்ற சொல்லைக் கண்டதும் நமக்கு இமயமலை ஏறும் ராணுவ லாரியோ, பாலைவனப் பந்தயமோ கண்முன் வருகிறது. வீட்டிலிருந்து மார்க்கெட்டுக்கு மூன்று கிலோமீட்டர் போய்வரும் ஓய்வுபெற்ற மனிதன் அதில் தன்னைக் காண்பதில்லை. ஆனால் அந்தப் பக்கத்தில் அச்சாகியிருப்பது வேறு. எஞ்சின் சூடேறுவதற்குள் நிறுத்திவிடும் குறுகிய பயணம், நின்ற இடத்தில் நீண்ட நேரம் எஞ்சினை ஓடவிடுதல், புழுதிச் சாலை. சில கையேடுகளில், 32 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் நெரிசலில் ஓட்டுதலும் உண்டு.

ஒரகடத்தில் நின்றுகொண்டு இதைப் படித்தால் சிரிப்பு வரும். ஹூண்டாய் 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் கார் செய்யத் தொடங்கி, ரெனோ நிசான் 2010இலும் பாரத்பென்ஸ் லாரித் தொழிற்சாலை 2012இலும் ஒரகடத்தில் திறக்கப்பட்டு, நெல்வயலும் ஏரிக்கரையுமாக இருந்த இந்தச் சீமை, ஷிப்ட் மாறும் வேளைகளில் கம்பெனி பஸ்களும் கன்டெய்னர் லாரிகளும் வண்டிக்கு வண்டி முட்டி நிற்கும் சீமையாகிவிட்டது. வருஷத்தின் பெரும்பகுதி 32 டிகிரி என்பது இங்கே காலைக் காற்று. புத்தம்புதிய லாரி ஒன்று கதவைத் தாண்டிப் பெங்களூர் நெடுஞ்சாலையைப் பிடித்து, இருபது டன் பாரத்தோடு முந்நூறு கிலோமீட்டர் ஒரே சீராக ஓடும்போது, அதன் எண்ணெயில் கசிந்த பெட்ரோலிய ஈரமும் நீரும் சூட்டிலேயே ஆவியாகிப் போய்விடுகின்றன. அதே சாலையோரத்தில் பால் வாங்கவும் கோயிலுக்குமாக நோகாமல் ஓடும் என் காரின் எண்ணெயில் அவை அப்படியே தங்கிவிடுகின்றன. ஓடாமல் நின்றாலும் தப்ப முடியாது. அதற்குத்தான் ஓர் ஆண்டு என்ற இரண்டாவது வேலி. சும்மா இருப்பதே சுகம் என்பது ஞானிகளுக்குச் சரி, வண்டிக்கு அந்த உபதேசம் செல்லாது.

பகவத் ராமாநுஜர் 1017இல் அவதரித்தது பக்கத்து ஸ்ரீபெரும்பூதூரில்தான் என்பதை இங்கே வேலைக்கு வரும் பலர் அறியார். அவர் ஸ்ரீபாஷியத்தில் பக்திக்கு அங்கமாக ஏழு சாதனங்களை எடுத்துச் சொல்கிறார். அவற்றுள் கிரியை என்பது பஞ்ச மகாயக்ஞம் முதலிய கடமைகளைச் செய்வது. அதோடு, சக்திக்கு ஏற்றபடி என்ற ஒரு சிறு அடையும் சேர்ந்திருக்கிறது. கடைசி இரண்டு அநவசாதமும் அநுத்தர்ஷமும்: மனம் தளராமை, மிதமிஞ்சிப் பூரிக்காமை. மூவாயிரம் கிலோமீட்டருக்கே அலறி ஓடுபவரையும், ஒன்றும் ஆகாது என்று பூரித்துத் திரிபவரையும் ஒரே ஷெட்டில் பார்த்த எனக்கு, அந்த இரண்டையும் அவர் ஏன் அடுத்தடுத்து வைத்தார் என்பது இப்போதுதான் உறைத்தது.

கோயிலொழுக்கத்தில் நாள் கணக்கும் தேய்மானக் கணக்கும் பகையின்றி வாழ்கின்றன. திருவரங்கத்தில் சுதைத் திருமேனியான பெரிய பெருமாளுக்கு ஆனி மாத ஜ்யேஷ்டாபிஷேகத்தை ஒட்டித் தைலக்காப்புச் சாற்றுகிறார்கள். அதே கோயிலில் எழுந்தருளியிருக்கும் எம்பெருமானார் என்ற ராமாநுஜர் திருமேனிக்கு ஆண்டுக்கு இருமுறை பச்சைக் கற்பூரமும் குங்குமப்பூவும் சாற்றுகிறார்கள். போன காப்பு இன்னும் நன்றாகத்தான் இருக்கிறதே என்று யாரும் தள்ளிப்போடுவதில்லை. மூலமூர்த்தியைப் பீடத்தோடு பிணைக்கும் அஷ்டபந்தன மருந்தைப் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிப்பது மரபு. ஆனால் இடையிலே பந்தனம் இளகினாலோ பின்னம் கண்டாலோ பன்னிரண்டு நிறையட்டும் என்று காத்திருக்கக்கூடாது, ஜீர்ணோத்தாரணம் செய்துவிடவேண்டும் என்பதும் ஆகமம். எது முந்தியோ அது என்பதை ஆகமக்காரர்கள் கிலோமீட்டர் கல் நடுவதற்கு வெகுகாலம் முன்பே கண்டுவிட்டார்கள். வேளை தவறிய சந்திக்கு அதிகமாக ஓர் அர்க்கியம் விட்டுத் தொடரச் சொன்ன சாஸ்திரத்தின் கருணையும் கவனிக்கத்தக்கது. இதை நினைத்துக்கொண்டு, நான் நாள் தவறி வந்திருப்பதால் எஞ்சினை உள்ளே கழுவிவிடலாமா என்று கேட்டேன். "வேணாங்கய்யா, பழைய எஞ்சின். இருக்கிற அழுக்கு மொத்தமா பேந்து வந்து வடிகட்டிய அடைச்சுக்கும். ரெண்டு தடவ சீக்கிரமா மாத்துங்க, தானா சரியாயிடும்" என்றார் தம்பி. பிராயச்சித்தத்திலும் அளவு உண்டு.

அதற்குள் டின்னில் நூல் அறுந்து சொட்டாகிவிட்டது. பையன் ஒருவன் அந்தக் கறுப்பை ஒரு கேனுக்கு மாற்றினான். கட்டட வேலைக்காரர் சாயங்காலம் வந்து சென்ட்ரிங் பலகைக்குப் பூச வாங்கிப்போவாராம். அபாயக் கழிவு என்று சட்டம் பெயரிட்டு, உரிமம் பெற்றவரிடமே சேர்க்கவேண்டும் என்று விதித்த பொருள், இத்தனை ஏரிகள் இருக்கும் ஊரில் இப்படிப் போகிறதே என்று சொல்ல வாயெடுத்தேன். ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவனும் நானே, கேனில் ஊற்றப்பட்டதும் என் எண்ணெயே என்பதால் முழுவேகத்தோடு சொல்ல முடியவில்லை.

தம்பி வடிகட்டியை மாற்றி, நட்டை இறுக்கி, புது எண்ணெயை ஊற்றினார். தேனின் நிறம். பிறகு பானெட்டுக்குள் தொங்கவிடும் சிறு அட்டையை எடுத்து, மீட்டரைப் பார்த்து 61,240 என்று இன்றைய கணக்கை எழுதினார். அடுத்த கட்டத்துக்கு வந்ததும் பேனாவை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஐயா, தெனம் எங்கெங்க போவீங்க?"

"நான் எங்கே போகிறேன், தம்பி. காலையில் கோயில், அப்புறம் மார்க்கெட், சாயங்காலம் பேத்தியை ஸ்கூல் வாசலிலிருந்து கூட்டி வருவேன். அங்கேயும் ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பேன். மெதுவாகத்தான் ஓட்டுவேன். வண்டிக்குக் கஷ்டமே கொடுப்பதில்லை."

அவர் ஒன்றும் சொல்லாமல் 66,240 என்று எழுதி, பக்கத்தில் ஆறு மாதம் தள்ளித் தேதியும் போட்டு, அட்டையைக் கம்பியில் மாட்டினார்.