நான்கு குரலும் நானே

ஒரு பெண் எல்லாவற்றையும் தானே செய்துகொண்டால் அது விடுதலையா? இந்தக் கேள்வி எனக்குப் புத்தகத்திலிருந்து வரவில்லை. ஹெட்போன் மாட்டிக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்த ஓர் இரவில் வந்தது.

ஸ்ட்ரிங் குவார்ட்டெட் என்பது இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ என நால்வர் வாசிக்கும் மேற்கத்திய இசை வடிவம். கோல் வைத்து நடத்துபவர் யாரும் கிடையாது. ஒருவரை ஒருவர் கேட்டுத்தான் நால்வரும் நகர வேண்டும். ஐந்து நிமிடம் வரக்கூடிய ஒன்றை நான் எழுதியிருந்தேன். அதை வாசிக்க நால்வர் அமையவில்லை. ஒத்திகை என்றால் மாலை ஏழு மணிக்கு மேல். என் மாலைகளோ என்னுடையவை அல்ல. ஆகவே நான்கு பகுதிகளையும் நானே வாசித்து, தனித்தனியாகப் பதிவுசெய்து, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினேன். வயலின் தெரியும், வியோலா கைக்கு வந்தது, செல்லோவோடு இரண்டு ஆண்டுகள் மல்லுக்கட்டினேன். வீடு தூங்கிய பிறகு துணி அலமாரியைத் திறந்துவைத்து அதன் முன் மைக்கை நிறுத்துவேன். துணிகள் எதிரொலியைக் குடித்துவிடும்.

கேட்டவர்கள் மெச்சினார்கள். "யார் கையையும் எதிர்பார்க்காமல் நீங்களே செய்துவிட்டீர்களே!" அந்தப் பாராட்டு உறுத்தியது. சமையலையும் சம்பாத்தியத்தையும் பிள்ளைகளின் படிப்பையும் ஒற்றை ஆளாய்ச் சுமப்பவளுக்கும் இதே சொற்களைத்தான் தருகிறோம். பாராட்டிவிட்டால் கை கொடுக்க வேண்டியதில்லை.

1946இல் யாஷா ஹைஃபெட்ஸ், பாக்கின் இரட்டை வயலின் கான்செர்ட்டோவில் இரு தனி வயலின்களையும் தானே வாசித்துப் பதிவுசெய்தார். கூப்பிட்டிருந்தால் இன்னொரு வயலின் கலைஞர் ஓடி வந்திருப்பார். அவருடையது விருப்பம். ஆள் இல்லாமல் தனித்து நிற்பதை அதோடு சேர்த்து 'தற்சார்பு' என்ற ஒரே பெயரால் அழைப்பது நேர்மையல்ல.

பதிவைத் திரும்பக் கேட்டபோது இன்னொன்றும் புரிந்தது. முதலில் செல்லோவைப் பதிவுசெய்திருந்தேன். ஓரிடத்தில் அதன் சுருதி சற்றே இறங்கியிருந்தது. பிறகு வந்த மூன்று வாத்தியங்களும் அதற்கேற்பத் தாமும் இறங்கிக்கொண்டன. நேரில் வாசித்திருந்தால் செல்லோ மற்றவர்களைக் கேட்டுத் தன்னைத் திருத்திக்கொண்டிருக்கும். பதிவில் முதலில் வந்தவருக்குக் காது இல்லை. பின்னால் வருபவர்தான் அனுசரிக்க வேண்டும். இப்படியொரு வீடு நமக்குப் பழக்கமானதுதான். நான்கு குரலும் நானே என்றபோதும் அதே வீட்டைத்தான் மறுபடி கட்டியிருந்தேன்.

அப்படியானால் மற்றவர்கள் இருந்தால் போதுமா? ஃபான்னி ஹென்சலை நினைத்துக்கொள்கிறேன். இசை உனக்கு அணிகலனாக மட்டுமே இருக்க முடியும் என்று 1820இல் தந்தையிடமிருந்து கடிதம் பெற்றவர். பெர்லினில் தன் வீட்டில் ஞாயிறு கச்சேரிகளை அவரே நடத்தினார். 1834இல் ஒரு குவார்ட்டெட் எழுதினார். தம்பி ஃபீலிக்ஸ் மெண்டல்சோன் அதன் வடிவத்தில் குறை கண்டு எழுதினார். ஃபான்னி அதற்குப் பின் குவார்ட்டெட் எழுதவேயில்லை. எழுதிய ஒன்றும் 1988இல்தான் அச்சேறியது. அந்தக் கடிதம் மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன். ஆனால் இசை தெரிந்தவர்கள் நிறைந்த வீட்டிலும் ஒரு பெண்ணுக்கு ஒரே ஒருவரின் தீர்ப்பு அவ்வளவு கனக்க முடிந்தது. அத்தகைய தீர்ப்பிலிருந்து என் அலமாரியும் மைக்கும் என்னைக் காப்பாற்றின. அதை நான் குறைத்துச் சொல்லத் தயாரில்லை. தனக்கென ஓர் அறை வேண்டும் என்று வர்ஜீனியா வுல்ஃப் 1929இல் கேட்டது இன்னும் பலருக்குக் கிடைக்காத ஒன்று.

ஆனால் அறை கிடைத்தபின் அதன் கதவை என்ன செய்வது என்பதும் நம் கேள்விதான். தீர்ப்புச் சொல்லாமல் கூட வாசிப்பவர்கள் வேண்டும். நம்மால் அவர்களும், அவர்களால் நாமும் மாற வேண்டும். அதனால் பதிவை முடிவாக வைத்துக்கொள்ளாமல் அழைப்பாக மாற்றினேன். நான்கு பகுதிகளின் தாள்களையும் சேர்த்து, வாசிக்கத் தெரிந்த மூன்று பெண்களுக்கு அனுப்பினேன். மாலையில் முடியாதென்றால் ஞாயிறு காலை பார்ப்போம் என்றும் எழுதினேன்.

முதல் பதில் வியோலா வாசிப்பவரிடமிருந்து வந்தது. "இரண்டாம் பக்கத்தில் எனக்கு வில்லை எடுத்து வைக்கக்கூட இடைவெளி இல்லையே, அக்கா."

எடுத்துப் பார்த்தேன். உண்மைதான். அந்த இடத்தை நானே பலமுறை வாசித்திருக்கிறேன். ஒருமுறைகூட எனக்கு அது குறையாகத் தோன்றவில்லை.