எனக்கப்பறம் யாரு?

சாகிறவரைக்கும் பெரியம்மா கேட்டது ஒரே கேள்விதான்: "எனக்கப்பறம் இவன யாருடா பாத்துக்குவா?" அண்ணனுக்கு அப்போது நாற்பது வயசு. அரசாங்க அட்டையில் 'அறிவுசார் குறைபாடு' என்றிருக்கும். ஊர்க்காரர்கள் வாயில் 'கிறுக்கன்'.

பெரியம்மா போனபிறகு எதிர்வீட்டு அத்தை கஞ்சி ஊத்தியது. மாமா ஒருவர் சவரம் செய்துவிட்டார். நூறுநாள் வேலைக்குப் போன பெண்கள் கூடவே கூட்டிப் போனார்கள். ராத்திரி எங்கள் திண்ணை. யாரும் சொல்லிச் செய்ததில்லை.

ஆனால் சேரி என்றாலே பாசம் என்று பெருமைபேசி முடிக்க எனக்கு மனசில்லை. ஊர்த்தெருவில் அண்ணனை நாள்முழுக்கச் சாணி அள்ளவிட்டு ஒருவேளைச் சோறு போட்டார்கள். கேட்டால், "பாவம், நாங்கதான சோறு போடுறோம்." நம் பாட்டன் காலத்திலிருந்து கேட்டுவருகிற அதே பேச்சு. சண்டைபோட்டு நிறுத்தினோம். அப்புறம்தான் உறைத்தது. எங்கள் தெருக் கல்யாணங்களிலும் அண்ணன்தான் தண்ணிக்குடம் தூக்கும், எச்சில் இலை எடுக்கும். கூலி கிடையாது. கடைசிப் பந்தியில்தான் சோறு. ஊர் நமக்குச் செய்ததை நாம் அதுக்குச் செய்திருக்கிறோம்.

இரக்கத்தில் வரும் சோற்றுக்கும் உரிமையில் வரும் சோற்றுக்கும் என்ன வித்தியாசம்? வாங்குகிறவர் 'மாட்டேன்' என்று சொன்னபிறகும் அந்தச் சோறு வருமா என்பதுதான்.

1999-ஆம் வருஷத்துத் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, 18 வயது தாண்டிய இவர்களுக்கும் பாதுகாவலரை நியமிக்கலாம். கலெக்டர் இருக்கிற உள்ளூர்க் குழுவிடம் மனு கொடுக்கவேண்டும். மனுவில் ஒரு தெருவின் பெயரை எப்படி எழுதுவது? என் பெயரை எழுதினேன். பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் கேட்டது: "எங்கிட்ட கேட்டியா?"

கேட்கவில்லை. பாதுகாவலர் தனியாக முடிவெடுக்கக்கூடாது, சம்பந்தப்பட்டவரோடு சேர்ந்தே எடுக்கவேண்டும் என்கிறது 2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். இத்தனை மேடைகளில் உரிமை பேசிய எனக்கு அது தோணவில்லை.

"யார்கூட இருக்கணும்ணா?"

"எல்லார்கூடயும். எல எடுக்கமாட்டேன்."

அன்று ராத்திரி தெருவில் உட்கார்ந்து பேசினோம். எந்த வேளை யார் பார்ப்பது, வேலை செய்தால் என்ன கூலி என்று முடிவானது. இலை எடுக்க முறைவைத்தோம். அண்ணனும் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தது. பெரியம்மா கேட்ட கேள்விக்கு இது முழுப் பதிலில்லை. நாங்களும் ஒருநாள் சாகிறவர்கள்தான். ஆனால் அந்தக் கேள்வி இனி ஒரு தாயின் தலையில் மட்டும் இல்லை.