கம்பி வேலியும் கண்ணோட்டமும்

பொய் சொல்லலாகாது என்பது நாம் அனைவரும் அறிந்த அறம். ஆனால், ஒரு நிகழ்வை எந்தக் கேள்வியோடு அணுகுகிறோம் என்பதிலேயே நீதியும் அநீதியும் தொடங்கிவிடுகின்றன என்பதை நாம் அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை. சமூகத் தொடர்புச் சாதனங்கள் செய்தியை மட்டும் தருவதில்லை. அதைப் பார்ப்பதற்குரிய சட்டகத்தையும் சேர்த்தே தருகின்றன.

இங்கிலாந்தில் நிகழ்ந்த ஒன்றைக் காண்போம். 1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்டு நகரின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் கால்பந்தாட்டம் காண வந்த லிவர்பூல் ரசிகர்கள் நெரிசலில் சிக்கினர். வாயிலுக்கு வெளியே கூட்டம் பெருகவே, காவல்துறையினர் பெரிய கதவொன்றைத் திறக்கச் செய்தனர். ஏற்கெனவே நிரம்பியிருந்த நடுப்பகுதிக்குச் செல்லும் வழியை ஒருவரும் அடைக்கவில்லை. முன்னே கம்பி வேலி, பின்னே கூட்டம். பின்னாளில் இறந்தோரையும் சேர்த்து 97 பேர் மாண்டனர்.

நான்கு நாள் கழித்து, 'தி சன்' நாளிதழ் 'உண்மை' என்று தலைப்பிட்டு, ரசிகர்கள் இறந்தோரிடம் திருடினர் என்றும், உதவிய காவலரைத் தாக்கினர் என்றும் முதற்பக்கத்தில் எழுதியது. காவல்துறை கூட்டத்தைக் கட்டுப்படுத்தத் தவறியதே முதன்மைக் காரணம் என அதே ஆண்டு ஆகஸ்டில் நீதிபதி டெய்லர் அறிக்கையளித்தார். ஆயினும் பழி அகலவில்லை. 2012ஆம் ஆண்டில் அந்நாளிதழ் மன்னிப்புக் கோரியது. இறந்தோர் சட்டத்திற்குப் புறம்பாகக் கொல்லப்பட்டனர் என்றும், ரசிகர்கள்மீது குற்றமில்லை என்றும் 2016இல் நடுவர் குழு தீர்ப்பளித்தது. இடையே கழிந்தவை 27 ஆண்டுகள்!

அப்பொய் அத்தனை எளிதில் நம்பப்பட்டது ஏன்? 1985இல் பிரஸ்ஸல்ஸ் நகரின் ஹெய்சல் அரங்கில், லிவர்பூல் ரசிகர்கள் எதிரணியினர்மீது பாய்ந்ததைத் தொடர்ந்து 39 பேர் இறந்திருந்தனர். ரசிகன் என்றாலே கலகக்காரன் என்ற சட்டகம் மக்கள் மனத்தில் ஆயத்தமாக இருந்தது. மைதானத்தின் கம்பி வேலியும் அதே கண்ணோட்டத்தின் விளைவன்றோ! உயிர் பிழைக்க வேலியேறியவர்களும் முதலில் கலகக்காரர்களாகவே காவலர் கண்ணுக்குத் தெரிந்தனர். செய்தித்தாள் எழுதுவதற்கு முன்பே கண்ணோட்டம் உயிர்களைப் பறித்துவிட்டது எனலாம்.

சட்டகமே இல்லாமல் செய்தி சொல்ல இயலுமா? இயலாது. சொல்பவர் எவரும் சிலவற்றைத் தேர்ந்துகொண்டே ஆகவேண்டும். எனவே, தேர்வு செய்வது குற்றமாகாது. புதிய சான்று வந்து நிற்கும்போதும் பழைய சட்டகத்தை விரிக்க மறுப்பதே குற்றம். அக்குற்றத்தில் எழுதுபவருக்கு மட்டுமன்றி, தம் முன்முடிவுக்கு இசைந்ததை மகிழ்ந்து ஏற்கும் வாசகருக்கும் பங்குண்டு.

ஆகவே, துன்புற்றோரையே குற்றவாளிகளாகக் காட்டும் செய்தி நம் கைக்கு வரும்போது, அவர்கள் என்ன செய்தார்கள் என்பதோடு நில்லாமல், அவர்களைக் காக்கும் கடமை யாருக்கு இருந்தது என்றும் கேட்போம். யாருடைய சொல்லைக் கொண்டு அச்செய்தி எழுதப்பட்டது, யாருடைய குரல் அதில் இல்லை என்றும் தேடுவோம். லிவர்பூல் குடும்பங்கள் 27 ஆண்டுகள் கேட்டது இதையே. அக்கேள்வியை முதல் நாளிலேயே கேட்பது நம்மால் இயலக்கூடிய நீதி.