ஏணிக்குக் கீழே ஒரு வரி

ஆரணியில் எங்கள் வீட்டுப் பரணில், பழைய ஜக்கார்டு அட்டைக் கட்டுகளுக்கு அடியில், குழந்தைகளுக்கான படப் பாடப்புத்தகம் ஒன்று கிடைத்தது. மேலட்டை இல்லை, முதல் பக்கங்களும் இல்லை. பசு, ஏணி, குடை என்று படங்கள். கீழே சௌராஷ்டிர எழுத்து. சௌராஷ்டிரம் என் தாய்மொழி. பேசுவேன், எழுத்து தெரியாது.

ஏணியைக் காட்டி அம்மாவைக் கேட்டேன். சௌராஷ்டிரத்தில் சொன்னாள். என் மகள் 'ஏணி' என்றாள். படம் எல்லோருக்கும் பொது. அடியிலுள்ள வரி மூவருக்கும் அந்நியம்.

19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மதுரையில் டி. எம். ராமராய் இம்மொழிக்கு எழுத்தைச் சீர்செய்து பாடநூல்கள் அச்சிட்டார். பின்னால் வந்தவர்களில் பலர் தமிழ் எழுத்திலும் தேவநாகரியிலும் எழுதினார்கள். தமிழில் ஒரே 'க' நான்கு ஒலிகளுக்கு நிற்கவேண்டும். பக்கத்தில் சிறு எண் இட்டுச் சமாளித்தார்கள். 2008-இல் சௌராஷ்டிர எழுத்து யூனிகோடில் சேர்ந்தது. கணினிக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை.

ஆஸ்திரேலியாவின் வடபிரதேசத்தில் 1973-இல் இருமொழிக் கல்வி தொடங்கியபின், பழங்குடிப் பள்ளிகளில் அவர்கள் மொழிகளிலேயே படக்கதைப் புத்தகங்கள் ஏராளமாக அச்சாயின. திட்டம் நலிந்ததும் அவை அலமாரிகளில் தேங்கின, பல தொலைந்தன. 2012-இல் சார்ல்ஸ் டார்வின் பல்கலைக்கழகம் முன்னின்று அவற்றைத் திரட்டி மின்வடிவாக்கத் தொடங்கியது. எழுதியவரையும் வரைந்தவரையும் அவர்கள் குடும்பத்தாரையும் தேடிப்போய் அனுமதி கேட்டார்கள். இதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஒரு புத்தகத்தின் சரித்திரத்தில் அச்சான வருஷத்தோடு, அதற்கு யார் பதில் சொல்லவேண்டியவர் என்பதும் சேர்த்தி.

'நூலகத்தில் கொடுத்துவிடு' என்கிறார் நண்பர். கொடுத்தவுடன் கடமை தீர்ந்த நிம்மதி வரும். அந்த நிம்மதியைத்தான் சந்தேகிக்கிறேன். ஜக்கார்டு அட்டை ஒரு கரைப்பூவைத் துளைகளில் பத்திரமாக வைத்திருக்கிறது. தறியில் ஏற்றாதவரை அது வெறும் துளைபோட்ட அட்டை. ஆனால் படிக்கத் தெரிந்தவன் வரட்டும் என்று வைத்திருந்தால் கரையான் காத்திருக்காது. ஆகவே கொடுக்கத்தான் வேண்டும். கொடுப்பதோடு முடிந்தது என்று நினைக்காமல் கொடுக்கவேண்டும்.

பக்கங்களைப் படமெடுத்து வைத்துக்கொண்டு எழுத்தைக் கற்கத் தொடங்கினேன். நேற்று ஏணிக்குக் கீழுள்ள வரியைக் கூட்டி வாசித்தேன். அம்மா சொன்ன சொல் அதில் இல்லை; வேறொன்று இருந்தது. தப்பாகப் படித்துவிட்டேனோ என்று அவளிடம் சொல்லிக் காட்டினேன்.

சற்று நேரம் பேசாமலிருந்தாள். பிறகு, "எங்க பாட்டி இப்படித்தான் சொல்வா" என்றாள்.