ஒரு திருத்தத்தின் பூர்வீகம்

பல்லடம்–தாராபுரம் சாலையில் உள்ள குண்டடத்தில் ஆண்ட்ராய்டு கைபேசி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் லினக்ஸ் கெர்னலைச் சட்டைப்பையில் சுமக்கிறார்கள். வன்பொருளுக்கும் ஆப்களுக்கும் நடுவே நின்று நினைவகத்தைப் பங்கிட்டுத் தரும் இந்தக் கருநிரலை 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கினார். மூலநிரல் திறந்தே இருப்பதால் யாரும் படிக்கலாம், திருத்தியும் அனுப்பலாம். திருத்துவது என்றால் என்ன என்பதைத்தான் இங்கே சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும்.

கெர்னலில் அடிக்கடி தென்படும் பிழை ஒன்று: விடுவித்துவிட்ட நினைவக இடத்தை நிரலின் வேறொரு பகுதி மறுபடியும் தொடுகிறது. விடுவிக்கும் வரியை நான்கு வரி கீழே நகர்த்தினால் சில நேரம் சரியாகிவிடும். ஆனால் அந்த வரி எப்போது, எதற்காக அங்கே வந்தது?

இதே கேள்வி பனியன் ஆலையிலும் எழும். பின்னல் மிஷினின் ஊசி பழுதாகித் துணியில் நெடுக ஊசிக்கோடு விழுந்தால் அந்தத் துணியை ஒதுக்கினால் மட்டும் போதாது. ரோலில் எழுதிய மிஷின் நம்பரைப் பார்த்து ஊசியை மாற்றுவார்கள். அதே மிஷினில் ஓடிய மற்ற ரோல்களையும் பிரித்துப் பார்ப்பார்கள். கெர்னலில் இந்த மிஷின் நம்பரைப் போலப் பிழையின் மூலத்தைத் தேடித் தருவது 'கிட் பைசெக்ட்' என்ற கட்டளை. நன்றாக ஓடிய பதிப்புக்கும் கெட்ட பதிப்புக்கும் நடுவிலுள்ளதை ஓட்டிப் பார்த்து, ஒவ்வொரு முறையும் பாதியைக் கழிக்கும். இடையில் பத்தாயிரம் மாற்றங்கள் இருந்தாலும் பதினான்கு சோதனைக்குள் குற்றவாளி அகப்படும்.

அகப்பட்ட மாற்றத்தின் அடையாளத்தில் முதல் 12 எழுத்துகளைத் திருத்தத்தின் அடியில் 'ஃபிக்சஸ்' என்று குறிக்க வேண்டும். என் பார்வையில் திருத்தத்தின் உயிர் இந்த ஒரு வரியில்தான் இருக்கிறது. ஏற்கெனவே வெளியான பதிப்புகளுக்குத் திருத்தங்களைச் சேர்த்துத் தரும், 2005 முதல் நடந்துவரும் 'ஸ்டேபிள்' பதிப்புகளைப் பார்க்கும் கிரெக் குரோவா-ஹார்ட்மன் போன்றோர், எந்தப் பழைய பதிப்புகளுக்கெல்லாம் மருந்து தேவை என்பதை இதைக் கொண்டே அறிகிறார்கள். முதன்மை நிரலில் சேராத திருத்தத்தை ஸ்டேபிளில் ஏற்பதில்லை. காரணம் எளிது: பழையதில் மட்டும் சரிசெய்தால், அடுத்த பதிப்புக்கு மாறுகிறவரிடம் அதே பிழை திரும்பி வந்துவிடும்.

இன்னொரு விதி, நேற்றுவரை ஓடிய பயனர் நிரலை எந்தத் திருத்தமும் முடக்கக் கூடாது என்பது. நிரல் எவ்வளவு நேர்த்தியானாலும் இதற்கு விலக்கு கேட்பது கடினம். கண்டிப்புதான், ஆனால் நியாயமான கண்டிப்பு.

பெரும்பாலான பகுதிகளுக்குப் பொறுப்பாளர் பெயர் கெர்னலுக்குள்ளேயே ஒரு கோப்பில் இருக்கிறது. மோடத்தைக் கணினியோடு பேசவைக்கும் எம்ஹெச்ஐ பகுதிக்கு நேரே மணிவண்ணன் சதாசிவம் என்ற தமிழ்ப் பெயரைக் காணலாம். வந்த திருத்தத்தைப் படித்து, கேள்வி கேட்டு, திருப்பியனுப்பி, கடைசியில் கையொப்பமிடுவது இந்தப் பொறுப்பாளர்களின் வேலை.

இவ்வளவும் முடிந்தாலும் திருத்தம் குண்டடம் வந்து சேர்ந்ததாகாது. கைபேசி நிறுவனம் அதைத் தன் பதிப்பில் சேர்த்து அனுப்ப வேண்டும். ஆதரவுக் காலம் முடிந்த கைபேசிக்கு அனுப்பமாட்டார்கள். ஆகவே அடுத்த கைபேசி வாங்கும்போது கேமராவைப் பற்றிக் கேட்பதற்கு முன், செக்யூரிட்டி அப்டேட் எத்தனை ஆண்டு வரும் என்று கடைக்காரரிடம் கேளுங்கள்.